மெட்ராஸ் ஹெரால்டும் சீமை ஸ்பிட்ஃபயரும்

பிரெஞ்சில் செகண்ட் ஹாண்ட் காரை 'வுவாத்யூர் தொக்காசியோன்' என்பார்கள். 'ஒக்காசியோன்' என்றால் வாய்ப்பு, நல்ல சமயம். பழையது என்ற சொல்லே அதில் கிடையாது. பள்ளியில் முழுக்க பிரெஞ்சில் படித்தவன் நான். பிறகு புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் எழுத்தராகப் பல வருஷம் ஆர்.சி. புத்தகங்களோடு காலம் தள்ளியதால், இந்தச் சொல்லை நினைத்து அடிக்கடி சிரித்திருக்கிறேன். நம் ஊர் புரோக்கர்களுக்கு பிரெஞ்சு தெரியாதே தவிர, தத்துவம் அதேதான்.

இப்போது இதை எழுதக் காரணம் மைத்துனர் மகன். தாயில்பட்டியில் எங்கள் தெருவிலேயே வீடு. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் பங்கு வைத்திருக்கிறான். கோயம்புத்தூர் பக்கம் ஒருவரிடம் 1965-ஆம் வருஷத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை மடக்கலாம். இரண்டாவது மெஷினுக்கென்று சேர்த்து வைத்த பணத்தை அதில் போடலாமா என்று கேட்டு வந்தான். "மாமா, நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தவுக. வண்டியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. சரித்திரம் கொஞ்சம் சொல்லவேண்டியிருந்தது. அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் பூர்வீகம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் என்ற கம்பெனி 1959-இல் ஹெரால்ட் என்ற சின்னக் காரை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்திலேயே மற்ற கார்கள் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த கூடாக மாறத் தொடங்கிவிட்டன. ஹெரால்ட் மட்டும் பழைய பாணியில் தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய தகடுகள் என்று வந்தது. இதற்குக் காரணம் ரசனையல்ல, நெருக்கடி. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்து தர ஆளில்லை. ஆகவே துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கி, கடைசியில் ஒன்றாக முடுக்கினார்கள்.

அந்த நெருக்கடியில் லாபம் நமக்கு. துண்டு துண்டாக முடுக்கக்கூடிய காரைப் பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டிலும் செய்யலாமே! சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி ஏற்கெனவே வான்கார்ட், ஸ்டாண்டர்ட் டென் போன்றவற்றைச் செய்துகொண்டிருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தது. முன்பக்கம் பானெட் முழுவதும் முதலை வாய் திறந்த மாதிரி முன்னோக்கிச் சாயும். எஞ்சினைச் சுற்றி மூன்று பக்கமும் நின்று வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். 948 சி.சி. எஞ்சின். நாளடைவில் முழுக்க இந்திய உதிரிபாகங்களாலேயே செய்தார்கள். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு மாடல்கூட இங்கே வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதுவே 'கெசல்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் பின்சக்கரத் தொங்கலமைப்பையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் பழைய ஏற்பாடு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. அம்பாசிடர் மாதிரி ஒரே தண்டு போட்ட ஆக்ஸில் வந்தது.

ஸ்பிட்ஃபயர் எங்கே வந்தது? அது ஹெரால்டின் தங்கை. அதே மிக்கெலாட்டி, ஹெரால்ட் சேஸிஸை நீளத்தில் குறைத்து, தாழ்வான பாடி போட்டு ஒரு மாதிரி வண்டி செய்து வைத்திருந்தார். கம்பெனியில் காசு இல்லாததால் தொழிற்சாலை மூலையில் துணி போட்டு மூடிவிட்டார்கள். லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபை வாங்கிய பிறகு, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, உடனே செய்யச் சொன்னார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வெளியானது. 1147 சி.சி., 63 குதிரைத் திறன். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1965-இல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் 13-ஆவது, 14-ஆவது இடங்களில் வந்து, தங்கள் பிரிவில் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன. என் மருமகப்பிள்ளைக்கு இந்தத் தகவல் அமிர்தமாக இருந்தது. அவன் பார்த்திருக்கும் வண்டியும் அதே வருஷத்து வண்டி அல்லவா!

இனிமேல்தான் கசப்பு.

கார் பிறந்த வருஷம் தெரியும். அது இந்தியாவுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் கேள்வி. 1950-களின் தொடக்கம் வரை கேள்வியே இல்லை. சென்னை துறைமுகத்தில் கார்கள் வந்து இறங்கின, வியாபாரிகள் விற்றார்கள். சுங்கவரியில்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் சித்ரோவன், பெழோ வண்டிகள் சாதாரணமாக ஓடின. 1953-இல் டாரிஃப் கமிஷன், இந்தியாவிலேயே படிப்படியாகச் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இடம் என்று சிபாரிசு செய்தது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. புதுச்சேரியும் அதே வருஷம் நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்ததால், அந்தப் பக்கக் கதவும் சாத்திக்கொண்டது. அதன் பிறகு வந்த அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் கார் இறக்குமதி அநேகமாக நின்றே போனது. மிச்சம் இருந்தவை பம்பாயில் பிரீமியர், கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றுதான்.

இதை வைத்து யோசித்தால், 1940-களின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இங்கே நேர்வழியில் வந்திருக்க நியாயம் உண்டு. ஸ்பிட்ஃபயர் பிறந்ததே 1962-இல். அப்போது கதவு சாத்தி எட்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தியாவில் எந்தக் கடையிலும் அதைப் புதிதாக விற்றிருக்க முடியாது. ஆகவே வந்த வழி பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வெளிநாட்டுத் தூதரக அதிகாரி கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் விற்றிருக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்த்த இந்தியர் குடிபெயர்ந்து திரும்பும்போது அனுமதி வாங்கி, தீர்வை கட்டிக் கொண்டுவந்திருக்கலாம். இரண்டுக்கும் சுங்கக் காகிதம் இருக்கும்.

மூன்றாவது வழிக்குப் பெயர் பிரெஞ்சில்தான். 'கார்னே த பசாழ் ஆன் துவான்'. 'துவான்' என்றால் சுங்கம். சுற்றுலா வருகிறவர் வரி கட்டாமல் காரை ஒரு நாட்டுக்குள் கொண்டுவந்து, குறித்த காலத்துக்குள் அதே காரை வெளியே கொண்டுபோகிறேன் என்று உறுதி கொடுக்கும் கையேடு. உள்ளே வரும்போது ஒரு தாள் கிழிப்பார்கள், வெளியே போகும்போது ஒரு தாள். 1960-70-களில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாக வந்த இளைஞர்கள் நிறைய. வந்த இடத்தில் காசு தீர்ந்து வண்டியை யாரிடமாவது தள்ளிவிட்டுப் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு உள்ளே வந்த தாள் இருக்கும், வெளியே போன தாள் இருக்காது. வரி கட்டாத அந்தப் பாவம் ஆளை விட்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை கை மாறினாலும் போகாது.

மருமகப்பிள்ளை ஆர்.சி. நகலை வாட்ஸப்பில் அனுப்பச் செய்தான். தயாரிப்பு வருஷம் 1965, இந்தியாவில் முதல் பதிவு 1973 என்று இருந்தது. இடையில் எட்டு வருஷம் வண்டி எங்கே இருந்தது? நான் இருந்த நாற்காலியில் இன்றைக்கு யார் இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அடுத்து சேஸிஸ் எண். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயருக்கு வண்டி எண் 'எஃப்.சி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும். (நாம் வருஷா வருஷம் லாரிக்கு எடுக்கிற எஃப்.சி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எஞ்சின் எண்ணும் அப்படியே. ஹெரால்டு எஞ்சினாக இருந்தால் 'ஜி'யில் தொடங்கும். நகலில் சேஸிஸ் எண் எஃப்.சி. என்றும், எஞ்சின் எண் ஜி என்றும் இருந்தது. அதாவது எப்போதோ ஒரு ஹெரால்டின் எஞ்சினை எடுத்து இதில் பூட்டியிருக்கிறார்கள். ஓடும். பொருத்தத்தில் ஒரு குறையும் இருக்காது, அக்கா தங்கைதானே. ஆனால் லெ மான் கதையைச் சொல்லி விலை கேட்கிறவர் இதைச் சொல்லவில்லை.

இந்த விஷயத்துக்கு இப்போது சட்டத்திலும் இடமிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு ₹20,000. 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க ₹5,000. இறக்குமதி வண்டியானால் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற சுங்கக் காகிதம் கேட்பார்கள். தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது என்று காரணம் வேண்டும். சிவகாசிக்கு பிரஸ்ஸுக்குப் போய்வர இது உதவாது. வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்கிறேன் என்றால், 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய உள்நாட்டுக் காருக்கு ₹5,000, இறக்குமதிக் காருக்கு ₹40,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு இந்தத் தொகை இரட்டிப்பாகிவிட்டது. ஒரே சேஸிஸ் வம்சம்தான். பிறந்த ஊர் வண்டலூர்ப் பக்கமா, இங்கிலாந்தா என்பதற்கு எட்டு மடங்கு வித்தியாசம்!

"அப்ப வேண்டாம்னு சொல்லுதீகளா மாமா?" என்றான். முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுங்கக் காகிதத்தைக் கேள் என்றேன். கேட்டான். "அம்பது வருஷக் காகிதத்தை யார் சார் வெச்சிருப்பா" என்று பதில் வந்தது. வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் வாங்கலாம்.

அவனுடைய ஆசை குறைந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் படங்களைக் காலண்டரிலும் டைரி அட்டையிலும் பல்லாயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற ஊரில் வளர்ந்தவன். ஒன்றையாவது தொட்டுப் பார்க்க நினைப்பதில் தப்பென்ன? ஆனால் நம் ஊரையும் பார்க்கவேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி, டியூனிங் சரியில்லாவிட்டால் சைலன்சரில் டப்பென்று வெடிக்கும். வேறு ஊரில் அது வேடிக்கை. தாயில்பட்டியிலும் வெம்பக்கோட்டையிலும் அப்படி ஒரு சத்தம் கேட்டால் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். வேலைக்குப் போன ஆள் வீடு திரும்பும்வரை உயிர் கையில் இல்லை. அந்த சத்தத்தை நாம் காசு கொடுத்து வாங்கி வரக்கூடாது. எஞ்சினைச் சரியாக வைத்துக்கொள்ள முடிந்தவன் மட்டும் இங்கே பழைய வண்டி வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் வாஷர்களையும் அரிக்கும். வாங்கினவுடன் அவற்றை மாற்றுவதே முதல் செலவு.

யோசித்துவிட்டு அவனே ஒரு முடிவுக்கு வந்தான். மதுரையில் இரண்டு கதவு ஹெரால்ட் ஒன்று இருக்கிறதாம். மெட்ராஸில் செய்தது, ஒரே குடும்பத்தில் இருந்தது, ஆர்.சி. சுத்தம். வேகம் குறைவு, கூரை மடங்காது. ஆனால் அதே மிக்கெலாட்டி, அதே சேஸிஸ் வம்சம், அதே முதலை வாய் பானெட். விலையும் மெஷினுக்கு வைத்த பணத்தில் கால்வாசிதான் கேட்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பென்சிலும் மெல்லிய தாளும் எடுத்து வைத்திருக்கிறேன். சேஸிஸ் எண்ணை நானே தேய்த்து எடுப்பேன்.

கூட வருகிற மெக்கானிக்குக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் 'டிரன்னியன்' என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதில் திருகாணி போலச் சுழலும். அதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில்தான் ஊற்றவேண்டும். நம்மவர்கள் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே இறுகி, ஈரம் தங்கி, தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறிந்தால் சக்கரம் மடிந்து விழும். ஆகவே ஜாக்கி போட்டு இரண்டு பக்கமும் அந்தத் தண்டைக் கழற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை.