மலையேறிய துறைமுகச் சட்டம்

கம்பம் பள்ளத்தாக்கு கடலறியாத பிரதேசம். தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை செல்பவருக்கு வாழைத்தோப்பும் திராட்சைப் பந்தலும் நெல்வயலும் தென்படுமேயன்றி, கப்பலை நினைப்பூட்டும் பொருள் ஒன்றும் தென்படாது. ஆயினும் குமுளி மலைப்பாதையேறித் தேக்கடியை அடைந்தால், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி மேலே பரந்து கிடக்கும் ஏரியில் ஓடும் படகுகளின் தகுதியைப் பரிசோதிக்கும் பொறுப்பு, கேரளத்தின் துறைமுக நிர்வாகத்தைச் சார்ந்ததாக இருப்பதைக் காண்கிறோம்.

இந்த ஏரி இயற்கையானதன்று. 1886 அக்டோபர் 29-ல் திருவாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்குச் சென்னை ராஜதானிக்கு அளித்ததன் பயனாக, பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை 1895-ல் பெரியாற்றைத் தேக்கியபோது, காடு நின்ற நிலையிலேயே முழுகிப்போயிற்று. பட்டுப்போன அந்த மரங்களின் முனைகள் இன்றும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஜலம் சுரங்கத்தின் வழியே நம் பள்ளத்தாக்குக்கு இறங்கிற்று. ஏரியின் மேற்பரப்போ உல்லாசப் பிரயாணிகளின் படகுக்கு உரியதாயிற்று.

இத்தகைய ஏரிப்படகுகளுக்கு முன்பே கடற்கப்பலுக்குக் காவல் வந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கப்பல்களால் மாலுமிகள் மாண்டதைக் கண்டு பிளிம்சால் என்பவர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் போராடியதன் விளைவாக, 1876-ல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் காட்டும் பாரக்கோட்டைக் கப்பலின் பக்கத்தில் இடுவது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் பம்பாயில் ஸ்தாபிக்கப்பட்டது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கென 1917-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது நீராவிப் படகுகளைப் பற்றியது. திருவாங்கூர் சமஸ்தானத்திலோ, 1924 ஜனவரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய 'ரெடீமர்' என்ற படகு பல்லனையாற்றில் கவிழ்ந்து மலையாள மகாகவி குமாரன் ஆசான் உயிர் துறந்தார். ஆள் மிகுதியாக ஏற்றும் வழக்கம் அவ்வளவு பழையது.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். மேல்தளத்தில் இருந்தோர் விலங்குகளைக் காண ஒரு பக்கமாகத் திரண்டபோது அந்த இரண்டடுக்குப் படகு சாய்ந்தது என்று அப்போது தெரியவந்தது. பிரயாணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. நீதிபதி மொய்தீன்குஞ்ஞு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது.

படகு சாயுமா நிமிருமா என்று முன்கூட்டி அறிவதற்கு ஒரு சோதனை உண்டு. அமைதியான நீரில் படகை நிறுத்தி, எடை தெரிந்த கற்களையோ இரும்புக் குண்டுகளையோ தளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி, உள்ளே தொங்கவிட்ட கொத்தனார்த் தூக்குக்குண்டு எத்தனை அங்குலம் விலகிற்று என்று குறித்துக்கொள்வார்கள். அதிலிருந்து படகின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கணக்கிடலாம். மேல்தளத்தில் கூட்டம் சேரச்சேர அந்த மையம் உயர்ந்து, நிமிரும் சக்தி குன்றும். இதற்கு அரிய சாஸ்திரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. அரை நாளும், ஆய்வாளர் ஒருவரின் நாணயமும் போதும்.

2010-ல் கேரளம் உள்நாட்டுப் படகு விதிகளை வகுத்தது. 2021-ல் மத்திய அரசு 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர் மாண்டனர். விதி இல்லாமையைக் காட்டிலும், விதி இருந்தும் பரிசோதகர் படகின் அருகே செல்லாமை பெரிய குற்றம் என்பது என் துணிபு.

தேக்கடிக்குச் செல்லும் நம் தேனி மாவட்டத்தார், லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்வதோடு, படகின் பதிவு எண்ணையும் ஏற்றத்தக்க ஆட்களின் தொகையையும் பார்த்துவிட்டே ஏறுக. அவை எழுதப்பட்டிராவிடில் கேளுங்கள், பதில் வராவிடில் கரையிலேயே நின்றுவிடுங்கள்.