நூற்றுக்கு எத்தனை பேர்? - நம் வட்டாரத்தின் எய்ட்ஸ் கணக்கு

ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு முறுக்கு ஞாபகம் வரும். நமக்கு அதோடு சேர்ந்து, சேலம் - திருச்செங்கோடு சாலையில் ராத்திரி பகல் பாராமல் ஓடும் லாரிகளும் ஞாபகம் வரும். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை, சங்ககிரியில் லாரி ஆபீஸ், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பே சக்கரத்தில்தான் ஓடுகிறது. நம்மில் பலர் கட்டிய காலேஜ் ஃபீஸ், லாரி வாடகையில் வந்த பணம்தான். அந்தத் தொழில் மீது எய்ட்ஸ் என்ற பெயரில் ஒரு பழி விழுந்த காலம் உண்டு. நோயின் கதை பலருக்கும் தெரியும். நோயை எண்ணிய கதை அவ்வளவாகத் தெரியாது. அதை நம் மலரில் பதிந்து வைப்பது நல்லது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டு உறுதியாயின. 1992ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. திட்டமும் பணமும் வந்தாச்சு. ஆனால் எந்த ஊரில், யாருக்கு, எவ்வளவு என்று சொல்லக் கணக்கு வேண்டுமே?

அதற்காக 1998 முதல் நாடெங்கும் ஆண்டுதோறும் ஒரு கண்காணிப்பு நடந்தது. தேர்ந்தெடுத்த அரசு ஆஸ்பத்திரிகளில், பிரசவத்துக்கு முந்திய பரிசோதனைக்கு வரும் 400 கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். வேறு பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தின் மிச்சத்தில், பெயரை நீக்கிவிட்டுச் செய்த சோதனை அது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோர், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் இதேபோல் தனித்தனி மையங்கள் இருந்தன. ஒரே இடத்தில், ஒரே முறையில், வருஷா வருஷம் எண்ணியதால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல இந்த முறை மிகவும் உதவியது. தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் அடங்கிய தென்பகுதியில், 15 முதல் 24 வயது வரையுள்ள கர்ப்பிணிகளிடம் தொற்று 2000ல் 1.7 சதவீதமாக இருந்து 2004ல் 1.1 ஆகக் குறைந்தது தெரியவந்தது இப்படித்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஓர் ஆஸ்பத்திரியின் 400 பேரில் 8 பேருக்குத் தொற்று என்று வந்தால், "ஜில்லாவில் நூத்துக்கு ரெண்டு பேருக்கு எய்ட்ஸாம்" என்று டீக்கடையில் பேச்சாகிவிடும். அரசு ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறார்கள்? பெரும்பாலும் ஏழைகள். தனியார் மருத்துவமனைகள் தொற்றுள்ளவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடும் வழக்கமும் இருந்தது. ஆக, அங்கே எண்ணினால் விகிதம் கூடத்தானே செய்யும்?

இந்தச் சந்தேகத்தைச் சோதித்த ஊர் குண்டூர். நம் லாரிக்காரர்கள் மிளகாய் லோடு ஏற்றும் அதே குண்டூர்தான். 2004-05ல் அந்த மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கு சொன்ன எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. அதையடுத்து, தேசிய குடும்ப நல ஆய்வின் மூன்றாம் சுற்றில் (2005-06) நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். நாட்டின் விகிதம் 0.28 சதவீதம். தமிழ்நாட்டில் 0.34 சதவீதம்.

அப்படியானால் வீட்டுக் கணக்குத்தான் சரியா? அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும்போது லாரி டிரைவர் நாக்பூரில் இருப்பார். கிளீனர் வண்டியிலேயே தூங்குவார். லாட்ஜில் தங்கியிருப்பவர் எந்த வீட்டுப் பட்டியலிலும் வரமாட்டார். நோய் அதிகம் தாக்கக்கூடிய ஆட்களையே வீட்டுக் கணக்கு தவறவிடும். ஆஸ்பத்திரிக் கணக்கு கூட்டிக் காட்டியது, வீட்டுக் கணக்கு குறைத்துக் காட்டக்கூடியது. இரண்டையும் சேர்த்து வைத்து, தொற்று ஆபத்து அதிகமுள்ள குழுக்களின் விவரத்தையும் கூட்டி 2007ல் புதுக்கணக்கு போட்டார்கள். அதற்கு முந்திய வருஷம் 57 லட்சம் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு சொல்லியிருந்த எண்ணிக்கை, சுமார் 25 லட்சமானது.

எண்ணிக்கை பாதியானதே, செலவையும் பாதியாக்கிவிடலாமா? நாட்டின் சராசரியை வைத்து அப்படி முடிவெடுத்திருந்தால் முதல் அடி நம் வட்டாரத்துக்குத்தான் விழுந்திருக்கும். நல்லவேளை, 2007ல் தொடங்கிய மூன்றாம் கட்டத் திட்டம் மாவட்ட வாரியாகப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மையத்தில் கர்ப்பிணிகளிடம் ஒரு சதவீதத்துக்கு மேல் தொற்று கண்ட மாவட்டம் 'ஏ' பிரிவு. கர்ப்பிணிகளிடம் அதற்குக் குறைவாக இருந்து, ஆபத்து அதிகமுள்ள குழுக்களில் 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் 'பி' பிரிவு. நாட்டில் 156 மாவட்டங்கள் 'ஏ', 39 மாவட்டங்கள் 'பி'. நாமக்கல் 'ஏ' பிரிவில் இருந்தது. பரிசோதனை மையம், கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்து, கூட்டு மருந்து மையம், கிராமங்களில் இணைப்புப் பணியாளர் என்று எல்லாவற்றிலும் இந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1995ல் சென்னை வி.எச்.எஸ். நடத்தத் தொடங்கிய 'அபாக்' திட்டம், அடுத்த ஆண்டு முதல் லாரி டிரைவர்கள், கிளீனர்கள் உள்ளிட்டோரின் நடத்தையை ஆண்டுதோறும் கேட்டுப் பதிந்தது. அதில் ஆணுறை உபயோகம் கூடிவந்தது தெரிந்தது. ரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்த 'ஏன்' டிரைவரிடம் உட்கார்ந்து பேசினவருக்கே கிடைத்தது. பழிசொல்லப்பட்ட அதே டிரைவர்தான் மாறவும் செய்தார் என்பதற்கு அந்த ஆய்வே சாட்சி.

பல கணக்குகளை ஒட்டிப் பார்க்கும் இந்த முறைக்கு நில அளவைக்காரர்களின் 'முக்கோண அளவை' என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள். 1802ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய அளவையும் அதுதான். ஓர் இடத்தைக் குறிக்க ஒரு திசையிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது.

2021 மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் சுமார் 24 லட்சம் பேர். மருந்து இருப்பதால் அவர்கள் உயிரோடிருந்து வேலை பார்க்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் பழைய கண்காணிப்பில் பெயர் நீக்கிச் சோதித்ததால், தொற்றிருந்த கர்ப்பிணிக்கு அதன் முடிவு போய்ச் சேரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அவருடைய நோய் கணக்கில் ஏறியது, அவருக்கு மருந்து கிடைக்க வேறொரு பரிசோதனை மையம் தேவைப்பட்டது.

புள்ளியியலும் பொருளாதாரமும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் சுகாதாரத் துறையிலோ கலெக்டர் ஆபீசிலோ உட்காரும்போது உங்கள் மேசைக்கு ஒரு சதவீதம் வரும். யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், எண்ணும்போது ஊரில் இல்லாதவர் யார் என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஊரில் இல்லாத அந்த ஆள் நம்மூர் லாரியில் போன ஒருவராக இருக்கலாம்.