அறுபத்தோராவது பிள்ளை: அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் கணக்கு

"அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். அங்கே எப்படி ஹஜ்ரத் பிள்ளையைச் சேர்க்கிறது?" சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆசிரியர் இல்லை என்று நாம் சேர்க்காமல் விட, பிள்ளைகள் இல்லை என்று அரசு ஆசிரியரைக் குறைக்கிறது. இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் அட்டவணையிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். அதற்கு மேல் 200 வரை 5 பேர்; 150-ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனியாக வேண்டும். நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர், அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும்.

60-க்கும் 61-க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை பெயர் கொடுத்தால் மூன்றாவது ஆசிரியர் இடம் கிடைக்கிறது. கொடுக்காவிட்டால் மற்ற அறுபது பேரும் இரண்டு பேரிடமே படிக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று போய்விட்டால், ஐந்து வகுப்பும் ஒரே டீச்சர் தலையில். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதால் ஈராசிரியர் பள்ளி ஓரளவு சமாளிக்கிறது. ஓரளவு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கையை ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுப்பதே வழக்கம். பதிவேட்டில் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். செப்டம்பரில் நாம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் போன ஆசிரியர் உடனே திரும்பி வரமாட்டார். எனவே சேர்ப்பதை ஜூனிலேயே சேர்த்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. அதற்கும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

பட்டாசுப் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். தீபாவளி நெருங்க நெருங்க வீடுகளில் காகிதக் குழாய் உருட்டவும் பெட்டி ஒட்டவும் கை தேவைப்படும். அப்போது பெரிய பிள்ளை வேலையைப் பார்க்கும், இல்லையென்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அந்தக் காலம் மாறிவிட்டது, ஆலைக்குள் பிள்ளைகளைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் நடப்பதைத்தான் எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர், 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

ஆசிரியருக்கு அடுத்தபடியாகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவிகள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இதில் நம் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலை மக்தபை நீட்டிக்கொண்டே போனால், பிள்ளை பள்ளிக்கு ஓடும்போது சாப்பாடு முடிந்து வகுப்பு தொடங்கியிருக்கும். அலிஃப் பே ஓதிய வயிறு மதியம் வரை காய்கிறது. ஓதிக்கொடுக்கும் நாமே கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகளை நேரத்தோடு விட வேண்டும்.

கற்றல் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்றுநர் உண்டு. தொடக்க வகுப்புகளில் அத்தகைய 10 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்றது. இங்கே ஒரே பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்கு அலைகிறார். வெட்கப்பட்டு மறைத்தால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

சிறுபான்மை மாணவருக்கான மத்திய அரசு உதவித்தொகை 2022-23 முதல் ஒன்று முதல் எட்டு வரை நிறுத்தப்பட்டுவிட்டது; இன்னமும் அதற்காக விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி நம்மிடம் வருபவர்கள் உண்டு. மறுபுறம், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் அறிவித்தார். அப்படிப்பட்ட குடும்பம் உங்கள் மஹல்லாவில் இருந்தால், மனு எழுதிக் கொடுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை ஜமாஅத்தில் ஒருவர் கூடப் போக வேண்டும். இத்தா இருக்கும் பெண் தனியாக அலைய முடியாது.

ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்தால் யாரிடம் கேட்பது? முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022-இல் காலி இடங்களில் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பைக்கூட இந்தக் குழுக்களிடம் அரசு கொடுத்தது. ஒரு பள்ளியின் மொத்தப் பணியிடத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் காலி இருக்கக் கூடாது என்பது சட்டத்தின் 26-ஆம் பிரிவு. ஈராசிரியர் பள்ளியில் ஒரு இடம் காலி என்றாலே பாதி காலி. கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் இதை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல் தீர்மான நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அதன் நகலோடு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.