ஜென் மடம் யாரை விலக்கியது

மதத்தின் பெயரால் ஒருவன் கொலை செய்தால் அந்தப் பழி மதத்தைச் சேருமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. கொன்றவன் உண்மையான பக்தனே இல்லை என்பது ஒன்று. அவன் தன் மதநூல் சொன்னதைத்தான் செய்தான் என்பது மற்றொன்று. இரண்டுமே மதத்தை வெறும் நூலாகப் பார்க்கின்றன. மதத்துக்கு மடம் உண்டு, சொத்து உண்டு, பட்டம் உண்டு. யாருக்குத் துறவாடை தருவது, யாரிடமிருந்து அதைப் பறிப்பது என்று முடிவெடுக்கும் மனிதர்கள் உண்டு. பொறுப்பை அந்த முடிவுகளில் தேட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கொல்லாமையை முதல் சீலமாக வைத்திருக்கும் பௌத்தத்தின் ஜப்பானிய வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் ஷின்டோவுக்கு அரசின் ஆதரவு போய்ச் சேர்ந்தது. பல இடங்களில் பௌத்தக் கோயில்கள் இடிக்கப்பட்டன, சிலைகள் உடைக்கப்பட்டன. அந்நிய மதம் என்ற ஏச்சிலிருந்து தப்ப, தாங்களும் நாட்டுக்குப் பயன்படுவோர்தாம் என்று காட்டிக்கொள்ளும் கட்டாயம் பௌத்தப் பிரிவுகளுக்கு வந்தது. ஹக்கோனே மலைப்பகுதியில் ஓர் ஏழைக் கோயிலைக் கவனித்துவந்த சோட்டோ ஜென் துறவி உச்சியாமா குடோ இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தார். எல்லா உயிர்களுக்கும் புத்த இயல்பு உண்டு என்ற போதனையிலிருந்தே நிலவுடைமை ஏற்றத்தாழ்வு தவறு என்ற முடிவுக்கு அவர் வந்தார். குத்தகை கொடுக்காதீர்கள், பட்டாளத்துக்குப் போகாதீர்கள், பேரரசர் தெய்வமில்லை என்று சொல்லும் சிறு வெளியீட்டை 1908இல் கோயிலுக்குள்ளேயே ரகசியமாக அச்சிட்டார். 1909இல் கைதானார். பிறகு பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாகப் பலர் மீது தொடுக்கப்பட்ட வழக்கிலும் சேர்க்கப்பட்டார். அந்த வழக்கில் 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 12 பேர் தூக்கிலிடப்பட்டனர். சதி பற்றி உண்மையிலேயே பேசியவர்கள் ஒரு சிலரே, மற்றவர்கள் கருத்துக்காகச் சிக்கவைக்கப்பட்டவர்கள் என்பதை வரலாற்றாய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். குடோ 1911 ஜனவரி 24 அன்று தூக்கிலிடப்பட்டார். சதி வழக்கின் விசாரணை தொடங்கியதே 1910 டிசம்பரில்தான். சோட்டோ தலைமை அவரை அந்த ஆண்டு ஜூன் மாதமே துறவியர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதே வழக்கில் சிக்கிய மினேயோ செட்சுடோ என்ற இளம் துறவியை ரின்சாய் ஜென்னின் மியோஷின்ஜி பிரிவும் தள்ளிவைத்தது. ஆயுள் தண்டனையில் இருந்த அவர் 1919இல் சிறையிலேயே இறந்தார்.

கொலைக்கு நியாயம் சொன்னவருக்கு நேர்ந்தது வேறு. 1932 பிப்ரவரியில் முன்னாள் நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகேயும், மார்ச்சில் மிட்சுயி நிறுவனத்தின் தலைவர் டான் டக்குமாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆளுக்கு ஒருவரைக் கொல்வது என்று திட்டமிட்டிருந்த அந்தக் கூட்டத்தின் தலைவர் இனோவே நிஷ்ஷோ. நிசிரென் பௌத்த வழியைப் பிரசங்கித்த இவர் ஜென் பயிற்சியும் பெற்றவர். 1934இல் நீதிமன்றத்தில் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் பெரும் மதிப்புப் பெற்ற ரின்சாய் ஆசான் யமமோட்டோ கெம்போ. பௌத்தச் சிலைகள் பலவற்றின் கையில் வாள் இருப்பதை எடுத்துக்காட்டி, தீயோரை அழிப்பதற்குப் பௌத்தத்தில் இடமுண்டு என்ற பொருள்பட அவர் பேசினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர் மியோஷின்ஜி பிரிவின் தலைமைப் பதவிக்கே உயர்ந்தார். இளம் துறவி செட்சுடோவைத் தள்ளிவைத்த அதே மியோஷின்ஜி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும், கொலைகாரர்களுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் குற்றம் போதனையில் இருக்கிறதா? வெட்டுகிறவனும் சூனியம், வெட்டப்படுகிறவனும் சூனியம், வாளும் சூனியம் என்ற கருத்து 17ஆம் நூற்றாண்டு ஆசான் டக்குவான் ஒரு வாள்வித்தைக்காரருக்கு எழுதியதிலேயே இருக்கிறது. பின்னாளில் படைவீரர்களுக்கு அது உபதேசமானது. ஆனால் குடோ படித்ததும் அதே பௌத்தம்தான். ஒரே போதனையிலிருந்து ஒருவர் குத்தகை மறுப்புக்கும் இன்னொருவர் கொலைக்கு நியாயம் சொல்வதற்கும் போக முடிந்தது. எந்த வாசிப்புக்கு மடத்தில் ஆசனம் கிடைத்தது என்பதைப் போதனை தீர்மானிக்கவில்லை, மடத்தை ஆண்டவர்கள் தீர்மானித்தார்கள். இன்னொரு சான்று: 1893இல் சிகாகோ சர்வமத மாநாட்டில் பேசிய ஷாக்கு சோயென், ரஷ்யாவுடனான போரில் படையோடு சென்ற துறவி. அமைதிக்காகச் சேர்ந்து குரல் கொடுப்போம் என்று டால்ஸ்டாய் கடிதம் எழுதியபோது அவர் மறுத்துவிட்டார். அதனால் அவருடைய புகழ் சிறிதும் குறையவில்லை.

அரசின் மிரட்டலுக்கு முன் மடங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அச்சம் உண்மையானது, 1939இல் வந்த மத அமைப்புச் சட்டத்துக்குப் பிறகு அது இன்னும் கூடியது. ஆனால் அஞ்சியவன் வாய்மூடி இருக்கலாம். வாள் ஏந்திய சிலைகளைச் சாட்சிக்கு அழைக்கும்படி யாரும் கெம்போவைக் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. போர் ஒரு குற்றம் என்று 1937இல் வெளிப்படையாகச் சொன்ன ஓட்டானி பிரிவுத் துறவி டகேனாகா ஷோகெனுக்கு அப்போது 70 வயது. நீதிமன்றம் தண்டித்தது போதாதென்று அவருடைய பிரிவும் அவரைத் தகுதி இறக்கியது. கிராமத்துத் துறவி ஒருவரால் முடிந்ததைப் பெரிய மடங்களிடம் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு: அன்றைய தலைவர்கள் செய்ததற்கு, இன்று இறந்த தாய்க்குச் சடங்கு செய்யக் கோயிலுக்குப் போகிறவர் என்ன பாவம் செய்தார்? அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் மடத்தின் பெயரையும் நிலத்தையும் குருபரம்பரையையும் வாரிசாகப் பெற்றவர்கள் அதன் கணக்கையும் சேர்த்தே பெறுகிறார்கள். சோட்டோ பிரிவு தன் வெளிநாட்டுச் சமயப்பணியின் வரலாற்றை 1980இல் புத்தகமாக வெளியிட்டபோது, ஜப்பான் ஆசிய நாடுகளை அடக்கி ஆண்ட காலத்தைப் பெருமையோடுதான் எழுதியிருந்தது. 1992இல் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பெற்று, ஆதிக்கத்துக்குத் துணைபோனதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு குடோவின் துறவு நிலையை மீட்டளித்தது. ஓட்டானி 1987இலும், மியோஷின்ஜி 2001இலும் வருத்தம் தெரிவித்தன. டகேனாகாவின் பெயர் மீட்கப்பட 2007 ஆயிற்று. ரின்சாய் வழியில் வந்த அறிஞர் இச்சிகாவா ஹக்குகென், தாமும் போரை ஆதரித்து எழுதியவர் என்பதை மறைக்காமல், பௌத்தர்களின் போர்ப் பொறுப்பைப் பற்றி 1970இலேயே நூல் எழுதினார். பெயர்களை மீட்பதோடு அவர் நிற்கவில்லை. சூழலோடு ஒன்றிப் போவதை ஞானமாகக் கருதும் ஜென் மனப்பான்மையே அதிகாரத்துக்கு வளைந்துகொடுக்கப் பழக்கியதா என்றும் கேட்டார். மன்னிப்பு அறிக்கைகளை விடக் கடினமான அந்தக் கேள்விக்கு மடங்கள் இன்னமும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றன.