நிறம் வேண்டாம், அசைவு போதும்

1957 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க்கில் சினிமாக் கொட்டகையாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய ஒரு கட்டடத்திலிருந்து சி.பி.எஸ். நிறுவனம் ‘சின்ட்ரெல்லா’வை நேரலையாக ஒளிபரப்பியது. ரிச்சர்ட் ரோஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் வசனமும் பாடல்களும் எழுதினார். தொலைக்காட்சிக்கென்றே இந்த இணை படைத்த ஒரே இசை நாடகம் அதுதான். நாயகி ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 21. அவரை உலகமெங்கும் கொண்டுபோன ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக அன்றைய மதிப்பீடு. ஒளிபரப்பு போனது வண்ணத்தில்; நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படச்சுருள். 2004-இல் டிவிடியாக வந்ததும் அதிலிருந்துதான். இத்தகைய பழைய நேரலைகள் வட்டாக வெளிவரும் ஒவ்வொரு முறையும், வண்ணம் போய்விட்டதே என்பதுதான் முதல் புலம்பல். இப்போது கணினி வண்ணம் தீட்டித் தரும் என்பதால், தீட்டினால் என்ன என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. தீட்டக் கூடாது என்பதே என் கட்சி. அந்த நேரலைகள் இழந்தவற்றில் திருப்பித் தர வேண்டியது வேறொன்று: அசைவு.

இதற்குப் படச்சுருள் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நியூயார்க்கில் இரவு எட்டு மணிக்கு நடப்பதை லாஸ் ஏஞ்சல்ஸிலும் எட்டு மணிக்கே காட்ட வேண்டுமானால் அதை எங்காவது பிடித்து வைக்க வேண்டும். வீடியோ டேப் வருமுன் இருந்த ஒரே வழி, டிவி திரைக்கு எதிரே ஒரு படக் கேமராவை நிறுத்தி, ஓடுவதைப் படம் பிடிப்பது. இதற்கென ஈஸ்ட்மன் கோடாக் தயாரித்த கேமரா 1947-இல் வந்தது. இப்படிப் பிடித்த சுருளுக்கு கினெஸ்கோப் என்று பெயர். சிக்கல் கணக்கில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடிக்கு 30 படம் காட்டும். ஒவ்வொன்றும் இரண்டு அரைப் படங்களாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும். ஆக வினாடிக்கு 60 தருணங்கள். படச்சுருளோ வினாடிக்கு 24 ஃபிரேம்தான் ஓடும். ஒரு வினாடியை 120 கூறாக்கினால் ஒரு ஃபிரேமுக்கு ஐந்து கூறு கிடைக்கிறது. நான்கில் ஷட்டர் திறந்திருக்கும், சுருள் நகரும் ஐந்தாவதில் மூடியிருக்கும். அந்த ஐந்தாவது கூறில் திரையில் நடந்தது எதுவும் பதிவாகவில்லை. அதோடு, ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் திரையின் நடுவிலிருந்து தொடங்குவதால், மேல்பாதி ஒரு நொடித்துகளையும் கீழ்பாதி இன்னொன்றையும் சேர்ந்தது. கேமரா சரியாக இசைக்கப்படாத சுருளில் இந்த ஒட்டு, படத்தின் குறுக்கே மெல்லிய பட்டையாகத் தெரியும். நாட்டியக்காரர் கையை வீசும்போது அந்தப் பட்டையில் கை முறிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

1957-இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி நூற்றில் ஒரு வீட்டில்கூட இல்லை. 1954-இல் விற்பனைக்கு வந்த ஆர்.சி.ஏ. பெட்டியின் விலை ஆயிரம் டாலர், யார் வாங்குவார்கள்? ஆக ‘சின்ட்ரெல்லா’வைப் பார்த்த பத்துக் கோடிப் பேரில் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். ஆனால் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் அவர்கள் கண்ட கறுப்பு வெள்ளை, சினிமாவின் கறுப்பு வெள்ளை அல்ல. வினாடிக்கு 60 தருணங்கள் என்பதால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஜன்னல் வழியே பக்கத்து அறையைப் பார்ப்பது போன்ற உடனடித்தன்மை இருக்கும். இது இப்போது, இந்த நிமிடம் நடக்கிறது என்ற உணர்வைக் கண்ணுக்குத் தந்தது அதுதான். கினெஸ்கோப் அதைப் பழைய சினிமாவாக மாற்றிவிட்டது. அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு நிறம் கிடைக்கவில்லை, அசைவு கிடைத்தது. இன்று வட்டு வாங்குகிறவருக்கு இரண்டும் இல்லை.

வில்லியம், ஜீன் எக்கர்ட் இருவரும் ‘சின்ட்ரெல்லா’வின் அரங்கத்தையும் ஆடைகளையும் வண்ணக் கேமராவுக்காகவே வடிவமைத்தார்களே, அவர்கள் உழைப்பு வீணா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுருளில் இருக்கும் சாம்பல், எந்தச் சிவப்பிலிருந்து அல்லது எந்தப் பச்சையிலிருந்து வந்தது என்பதை அந்தச் சாம்பல் சொல்லாது. ஸ்டூடியோப் புகைப்படங்களைத் துணைக்கு வைத்துத் தீட்டினாலும், அன்றைய கேமராவும் விளக்கும் அந்தத் துணியை எந்த நிறமாகத் திரையில் காட்டின என்பது ஊகமே. கணினி தீட்டுவது எக்கர்ட்களின் வண்ணமாக இராது. அவர்கள் பெயரில் வேறொருவர் பூசியதாகவே இருக்கும். பிரிட்டனில் நடந்தது வேறு. பி.பி.சி.யின் சில கறுப்பு வெள்ளைச் சுருள்களில் வண்ண சமிக்ஞை நுண்ணிய புள்ளிக் கோலமாகப் பதிந்து கிடந்தது. அதைப் படித்து, 2008-இல் ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரின் ஒரு பகுதிக்கு நிறத்தை மீட்டார்கள். அது சாட்சியத்திலிருந்து எடுத்தது. அத்தகைய புள்ளிகள் உள்ள சுருள் கிடைத்தால் என் ஆட்சேபம் அங்கே நிற்காது.

அப்படியானால் அசைவை மட்டும் கணினியால் சேர்ப்பது பொய்யில்லையா? ஐந்தில் ஒரு கூறு பதிவாகவே இல்லை என்று நானே சொன்னேன். அதை இட்டு நிரப்புவதும் கற்பனைதானே? எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். ஒரு பங்கு கற்பனை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கற்பனைக்கு இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. ஆண்ட்ரூஸின் கை இந்த ஃபிரேமில் இடுப்பருகே, அடுத்ததில் தோளருகே என்றால் இடையில் அது எங்கே இருந்திருக்கும் என்பதில் தப்ப அதிக இடமில்லை. தப்பினாலும் அடுத்த ஃபிரேம் பிடித்து இழுத்துத் திருத்திவிடும். நிறத்துக்கு அப்படியொரு வேலி எங்கும் கிடையாது. பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகளுக்கு இந்த அசைவு மீட்பை 2002 முதல் டிவிடிகளில் செய்து வருகிறார்கள். அங்கே தொலைக்காட்சியும் சுருளும் வினாடிக்கு 25 என்பதால் கணக்கு இலகு. அமெரிக்கச் சுருளின் 24-க்கும் 30-க்கும் பொருத்தம் பார்ப்பது கடினம், செலவும் அதிகம். ஆனால் முடியாத காரியம் அல்ல. சுருளைத் தொடாமல் ஸ்கேன் செய்த வடிவமும் அதே வட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வைப்பேன்.

நல்ல வண்ண டேப் கிடைக்கிற நாடகத்துக்கு இந்த மங்கல் சுருள் எதற்கு என்போருக்கு ‘பீட்டர் பேன்’ பதில் சொல்லும். மேரி மார்ட்டின் நடித்த அந்த இசை நாடகம் பிராட்வேயில் 1955 பிப்ரவரி 26-இல் முடிந்தது. ஒன்பதே நாளில், மார்ச் 7 அன்று, என்.பி.சி. அதை நேரலையாக்கியது. பிராட்வே குழு அப்படியே ஸ்டூடியோவுக்கு வந்தது. வெண்டியாக நடித்தவர் கேத்லீன் நோலன். 1956 ஜனவரியில் மறுபடி நேரலை. பிறகு 1960-இல் வண்ண டேப்பில் புதிதாகப் பதிவு செய்தார்கள். திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, பின்னர் வீடியோ கேசட்டாகவும் டிவிடியாகவும் வீடுகளுக்குப் போனது அதுதான். அதற்குள் முதலில் நடித்த குழந்தைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். வேறு குழந்தைகள் நடித்தார்கள். மார்ட்டினுக்கு வயது 47. நல்ல பதிவுதான், ஆனால் அது நிதானமாக மறுபடி செய்தது. 1955 சுருளில் இருப்பது, மேடைச் சூடு ஆறாத ஒரு குழு, தப்பினால் திருத்த வழியில்லாத ஓர் இரவில் ஆடியது. பீட்டர் ஃபாய் அமைத்த கம்பியில் மார்ட்டின் அறைக்குள் பறந்து வரும் காட்சியைப் பாருங்கள். கினெஸ்கோப்பில் அந்தப் பறத்தல் விட்டுவிட்டுத் தாவுகிறது, உடலின் ஓரங்கள் இழுபடுகின்றன. நாடகத்தின் உயிரே அந்தப் பறத்தலில் இருக்கிறது. அதற்கு வண்ணம் பூசினால் வண்ணத்தோடு தாவும், அவ்வளவே.

மட்டமான நகல் என்று ஒதுக்கப்பட்ட சுருள்தான் கடைசியில் மிஞ்சியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1958-இல் வண்ண டேப்பில் பதிவான ஃப்ரெட் அஸ்டேரின் நிகழ்ச்சியை 1988-இல் மீட்டபோது, அந்தத் தொடக்ககால டேப்பை ஓட்டும் இயந்திரமே புழக்கத்தில் இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பழைய கருவியை மாற்றியமைத்துத்தான் படிக்க முடிந்தது. ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இசை நாடகம் ‘ஈவினிங் பிரிம்ரோஸ்’ 1966-இல் வண்ண டேப்பில் எடுக்கப்பட்டது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் மூத்த மகளாக வந்த சார்மியன் கார் அதில் நாயகி. வண்ண மூலம் காணாமல் போயிற்று. 2010-இல் டிவிடியாக வந்தது கறுப்பு வெள்ளை கினெஸ்கோப். எல்லாச் சுருளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. ‘சின்ட்ரெல்லா’வில் தேவதையாக நடித்த ஈடி ஆடம்ஸ், தொலைக்காட்சிப் பாதுகாப்பு குறித்து அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1996-இல் நடத்திய விசாரணையில், டூமான்ட் தொலைக்காட்சி நிறுவனத்தின் சேகரம் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாகச் சாட்சியம் சொன்னார். காலமான தன் கணவர் எர்னி கோவாக்ஸின் டேப்புகள் அழியாமல் தடுக்கச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்தவர் அவர். தெரிந்துதான் பேசினார்.

நேரலையின் இடையே வந்த விளம்பரங்களை வட்டில் வெட்டுவதும் ஒருவகையில் நிறம் பூசுவதே. ‘சின்ட்ரெல்லா’வுக்குப் பணம் போட்டது பெப்சி-கோலாவும் ஓல்ட் ஸ்பைஸ் தயாரித்த ஷுல்ட்டனும், நாடகத்தின் காட்சிகள் அவர்களின் இடைவெளிக்கு ஏற்பவே கத்தரிக்கப்பட்டன. உரிமைச் சிக்கல் இல்லாதவரை அவையும் வட்டில் இடம்பெற வேண்டும். இனி ஏதாவதொரு நிறுவனம் ‘முதன்முறையாக வண்ணத்தில்’ என்று உறையில் போட்டு ஐம்பதுகளின் நேரலை ஒன்றை விற்றால், உறையைத் திருப்பிப் பாருங்கள். அந்த வண்ணம் எங்கிருந்து கிடைத்தது, மூலச் சுருளும் உள்ளே இருக்கிறதா என்ற இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள்.