டியூர்ன்ஷ்டைன்

டியூர்ன்ஷ்டைன் என்பது ஆஸ்திரியா நாட்டின் கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில், தன்யூப் ஆற்றின் இடது கரையில் அமைந்துள்ள ஒரு சிறு நகரம் ஆகும். இது தலைநகர் வியன்னாவில் இருந்து மேற்கே ஏறத்தாழ 80 கிமீ தொலைவில் உள்ளது. மெல்க், கிரெம்ஸ் ஆகிய நகரங்களுக்கு இடையே தன்யூப் ஆறு மலைகளை ஊடறுத்துச் செல்லும் பகுதி வாஹாவ் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்ற இப்பள்ளத்தாக்கை 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. டியூர்ன்ஷ்டைனின் மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. கோடைக்காலத்தில் இதன் தெருக்களில் காணப்படுவோருள் பெரும்பாலானோர் பயணிகளே.

சிறைப்பட்ட மன்னர்

நகருக்கு மேலே பாறையின் உச்சியில் ஒரு கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு இங்கு சிறை வைக்கப்பட்டதே இந்நகரின் புகழுக்கு முதற்காரணம் ஆகும். 1191 இல், மூன்றாம் சிலுவைப்போரின்போது ஏக்கர் நகரம் வீழ்ந்தது. அப்பொழுது ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் கொடி அகற்றப்பட்டதால் இருவருக்கும் பகை மூண்டது. மறு ஆண்டு திசம்பரில் மாறுவேடத்தில் நாடு திரும்பிக்கொண்டிருந்த ரிச்சர்டு, வியன்னாவுக்கு அருகே பிடிபட்டார். லியோபோல்டு அவரை டியூர்ன்ஷ்டைன் கோட்டையில் அடைத்து, 1193 மார்ச்சில் பேரரசர் ஆறாம் என்றியிடம் ஒப்படைத்தார். விடுதலைக்கு விதிக்கப்பட்ட பிணைத்தொகை 1,50,000 மார்க்கு வெள்ளி, அதாவது ஏறத்தாழ 35 டன். 1194 பெப்ரவரியில் ரிச்சர்டு விடுவிக்கப்பட்டார். லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கு வியன்னாவின் மதில்களை விரிவாக்கவும் வீனர் நொய்ஷ்டாட் என்னும் புதிய நகரை அமைக்கவும் பயன்பட்டது. பாணர் புளோண்டெல் கோட்டை கோட்டையாகப் பாடிச் சென்று மன்னரைக் கண்டறிந்தார் என்பது பிற்காலக் கதையே. வழிகாட்டிகள் அதனை விடுவதாக இல்லை.

முப்பதாண்டுப் போரின்போது, 1645 இல் சுவீடன் படையினர் கோட்டையைத் தகர்த்தனர். 1805 நவம்பர் 11 அன்று நகரை அடுத்த லொய்பன் சமவெளியில் பிரெஞ்சுப் படையும் உருசிய-ஆஸ்திரியப் படைகளும் மோதின. இரு தரப்பினரும் வெற்றி தமக்கே என்றனர். ஆற்றோரம் நீலமும் வெண்மையுமாக நிற்கும் கோபுரம், 1410 இல் நிறுவப்பட்டு 1788 இல் மூடப்பட்ட அகுஸ்தீனிய மடத்தைச் சேர்ந்தது; 18 ஆம் நூற்றாண்டில் பரோக்கு பாணியில் எழுப்பப்பட்டது.

திராட்சையும் கற்சுவர்களும்

கோட்டைக்கு ஏறும் பாதையில் இருபுறமும் தெரியும் படிக்கட்டு வயல்களே இவ்வூரின் உண்மையான நினைவுச்சின்னம் எனலாம். பவேரிய மடங்களுக்கு உரியனவாக இருந்த இச்சரிவுகளில் இடைக்காலத்தில் இருந்தே திராட்சை பயிரிடப்பட்டு வருகிறது. வயல்களைத் தாங்கும் சுவர்கள் சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டப்பட்டவை. மழைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதால் மண்ணின் அழுத்தம் சுவரைத் தள்ளுவதில்லை. கற்கள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. மேலே பாறை மிகுந்த வயல்களில் ரீஸ்லிங் வகையும், கீழே மண் ஆழமான இடங்களில் குரூனர் வெல்ட்லீனர் வகையும் மிகுதியாக வளர்க்கப்படுகின்றன.

வீனேயா வாஹாவ் என்ற திராட்சை உழவர் சங்கம் 1983 இல் தொடங்கப்பட்டது. அது தன் வெள்ளை மதுக்களை ஷ்டைன்ஃபேடர், ஃபேடர்ஷ்பீல், சிமரக்டு என மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. உயர்தரமான சிமரக்டு, இக்கற்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரைக் கொண்டது.

செங்குத்தான இவ்வயல்களில் இயந்திரங்கள் ஏற இயலாது. கவாத்து செய்வது முதல் அறுவடை வரை அனைத்தும் கைவேலையே. ஒரு சுவர் சரிந்தால் மீண்டும் கல் கல்லாக அடுக்க வேண்டும். அடுக்காமல் விட்டால் மேல்வயலின் மண்ணும் இறங்கிவிடும். சமவெளியில் இதே பயிரைக் குறைந்த செலவில் விளைவிக்கலாம். எனவே, இவ்வேலைக்கு ஆட்களும், அதற்கு ஈடான விலையும் கிடைக்கும் வரையில்தான் இந்நிலத்தோற்றம் நிலைக்கும். சாந்தின்றிச் சுவர் கட்டும் கலை 2018 இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது; அப்பதிவில் ஆஸ்திரியா 2024 இல் இணைந்தது.

கட்டப்படாத அணை

ஆஸ்திரியாவில் தன்யூபின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களால் தடுக்கப்பட்டுள்ளது. வாஹாவிலும் ஒன்றை அமைக்கத் திட்டம் இருந்தது. 1970களில் உள்ளூர் மக்கள் எதிர்த்துப் போராடினர். பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்நாட்டில் தன்யூப் தடையின்றி ஓடும் பகுதிகள் இரண்டே: ஒன்று வாஹாவ், மற்றொன்று வியன்னாவுக்குக் கிழக்கே உள்ளது. 1994 இல் ஐரோப்பிய அவை வாஹாவுக்கு ஐரோப்பியச் சான்றிதழ் வழங்கியது. அணை கட்டப்பட்டிருந்தால் கோட்டையில் இருந்து பார்ப்பவருக்கு ஓடும் ஆற்றுக்கு மாறாக ஒரு நீர்த்தேக்கமே தெரிந்திருக்கும்.

பயணம்

நெடுஞ்சாலை நகருக்கு அடியில் சுரங்கப்பாதையாகச் செல்வதால் பழைய தெரு அமைதியாக உள்ளது. கோட்டைக்கு நடந்து ஏற அரைமணி நேரம் போதும். பாதை கரடுமுரடானது, நல்ல காலணி தேவை. வழக்கமான தொடர்வண்டிச் சேவை 2010 இறுதியில் நின்றுவிட்டது. அதன்பின் சுற்றுலா வண்டிகள் மட்டும் பருவகாலத்தில் இயங்குகின்றன. கிரெம்சில் இருந்து பேருந்து உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான காலத்தில் கிரெம்சுக்கும் மெல்க்குக்கும் இடையே கப்பல்கள் செல்கின்றன. வசந்தத்தின் தொடக்கத்தில் வந்தால் சர்க்கரைப் பாதாமி மரங்கள் பூத்திருப்பதைக் காணலாம். உழவர்கள் தம் வீட்டிலேயே மது விற்கும் இடங்கள் ஹாய்ரிகர் எனப்படுகின்றன. அவை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வாசலில் பச்சைக் கிளைக்கொத்து தொங்கினால் திறந்துள்ளது என்று பொருள்.