கிளச் வாடையும் ஒரு குட்டி ஜீப்பின் சரித்திரமும்

டேராடூனுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஹிந்தி வந்துவிட்டது, குளிர் பழகிவிட்டது, ராஜ்மா சாவலைக்கூட மன்னித்துவிட்டேன். இங்கே வந்து நான் செய்த ஒரே ஆடம்பரச் செலவு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மாருதி ஜிப்ஸி. 2007 மாடல். "ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, இதுக்கு ஒரு ஆல்ட்டோ வாங்கியிருக்கலாமேங்க" என்பது வீட்டம்மாவின் அன்றாட அர்ச்சனை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வத்தலக்குண்டு, கொடைக்கானல் ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கு மலை காட்டுகிறேன் பேர்வழி என்று சக்ராதாவுக்குக் கூட்டிப்போனேன். சக்ராதாவைத் தாண்டி தேவ்பன் என்று தேவதாருக் காடு இருக்கிறது. போகும் பாதை மண்ணும் கல்லும், ஒரு பக்கம் பள்ளம். லோ கியரில் ஏறிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காலை எடு. ஹாஃப் கிளச்சுல நிக்காத. வாடை வருது பாரு."

"பழைய வண்டிப்பா, அப்படித்தான் வரும்."

பத்து நிமிஷத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது, பின்னால்! ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மனைவி குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தாள். முட்டி வலிக்காரரான அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் கீழே நடந்து வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான், ரேலி வீடியோக்களைப் பார்த்துச் சூடேறி, ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து இளைக்க வைத்திருந்தேன். "பிக்கப் பிச்சுக்கும்" என்றார்கள். பிய்த்துக்கொண்டது கிளச் பிளேட்.

இந்த வண்டியின் சரித்திரத்தைத் தோண்டி எடுத்துப் படித்தது அதற்குப் பிறகுதான். முன்னாலேயே படித்திருந்தால் ஒரு மே மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஜிப்ஸியின் பூர்வீகம் சுசூகி கூட இல்லை. ஜப்பானில் ஹோப் மோட்டார் கம்பெனி என்று ஒரு சின்ன நிறுவனம், 1960களின் கடைசியில் ஹோப்ஸ்டார் ஓஎன்360 என்று நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பொடி வண்டியைச் செய்தது. மிட்சுபிஷியின் 359 சிசி இன்ஜின். விற்றதோ விரல் விட்டு எண்ணுகிற மாதிரி. அந்த டிசைனை வாங்கியது சுசூகி. வாங்க வேண்டும் என்று கம்பெனிக்குள் ஒற்றைக்காலில் நின்றவர் ஒசாமு சுசூகி. ஆம், பிற்பாடு நம் மாருதிக்கும் கைகொடுத்த அதே மனிதர்தான். 2024 டிசம்பரில் காலமானார்.

1970 ஏப்ரலில் எல்ஜே10 வந்தது. ஜப்பானின் கெய் வரிச்சலுகைக்காக 360 சிசிக்குள், மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடக்கவேண்டும். ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிட்டால் நீளம் கூடிவிடும் என்று அதை வண்டிக்கு உள்ளேயே வைத்தார்கள். ஒரு ஆள் உட்கார்கிற இடம் டயருக்குப் போச்சு! ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 25 குதிரைசக்தி. அவ்வளவுதான்.

இங்கே ஃபிளைவீல் பற்றி ஒரு விஷயம். இன்ஜின் சக்தியைத் தொடர்ச்சியாகக் கொடுப்பதில்லை, வெடிப்பு வெடிப்பாகக் கொடுக்கிறது. இரண்டு வெடிப்புக்கு நடுவில் வண்டியை இழுத்துக்கொண்டு போவது சுற்றுகிற அந்தக் கனமான இரும்புத் தட்டுதான். நம் ஊர் குயவர் திகிரியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பானை வனைகிறாரே, அதே சங்கதி. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை. ஆக எல்ஜே10-இன் இரண்டு சிலிண்டரும், பிற்காலத்து ஜிப்ஸியின் நான்கு சிலிண்டரும் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்ற ஒரே கணக்கில்தான் ஓடின. நடுவில் வந்த எல்ஜே50-க்கு மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். சுற்றுக்கு மூன்று வெடிப்பு, ஆறு சிலிண்டர் கார் மாதிரி. அந்த வண்டிக்கு இன்றைக்கும் பக்தர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

1977-இல் எல்ஜே80, முதல் ஃபோர் ஸ்ட்ரோக், 797 சிசி. 1982-இல் எஸ்ஜே410, 970 சிசி. இதன் நீள வீல்பேஸ் வடிவம்தான் 1985 டிசம்பரில் குர்காவ்ன் ஆலையிலிருந்து மாருதி ஜிப்ஸி எம்ஜி410 ஆக வெளியே வந்தது. 45 குதிரைசக்தி, நாலு கியர். போலீஸ், ராணுவம், வனத்துறை, அரசியல்வாதியின் முன்னும் பின்னும் என்று எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். 1993-இல் சக்கர அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1996-இல் ஜிப்ஸி கிங், 1298 சிசி, 60 குதிரைசக்தி, ஐந்து கியர். 2000-இல் அதே இன்ஜினுக்கு பதினாறு வால்வும் எம்பிஎஃப்ஐயும் வந்து 80 ஆனது. என் வண்டி இந்தக் கடைசி ரகம். 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

25-இல் ஆரம்பித்து 80. வளர்ச்சிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடவே கொஞ்சம் குறைந்தும் போயிருக்கிறது, அது விளம்பரத்தில் வராது.

970 சிசி இன்ஜின் தன் முழு இழுவையை 3000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். 80 குதிரைசக்தி இன்ஜினுக்கு 103 நியூட்டன் மீட்டர் இழுவை இருக்கிறது, ஆனால் அது 4500-இல்தான் முழுசாக வரும். அது ஹைவே குணம். அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். எஸ்ஜே410-இல் லோ கியரின் விகிதம் 2.511. பெரிய இன்ஜின் வந்த எஸ்ஜே413-இல் அது 2.268. கிங்கிலும் அதேதான். அதாவது மலை ஏறுகிற கியர் பத்து சதவீதம் வேகமாகிவிட்டது. இன்ஜினோ மேலே போனால்தான் இழுப்பேன் என்கிறது, கியரோ மெதுவாகப் போகமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பண்ணவேண்டியவர் யார்? கிளச் பிளேட்!

இதற்கு மேல் என் கைங்கரியம். கம்பெனி போட்ட 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, பார்க்க கெத்தாக இருக்கிறதே என்று 235/75 போட்டேன். விட்டத்தில் இன்னும் பத்து சதவீதம் கூடுதல். பிறகு ஃபிளைவீலையும் இளைக்க வைத்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை இதற்குமேல் தேவையில்லை.

ஹாஃப் கிளச்சில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். 80 நியூட்டன் மீட்டர் இழுவையை, 2000 ஆர்பிஎம் வித்தியாசத்தில் பிளேட் தேய்ந்துகொண்டே கடத்தினால், அங்கே பிறக்கிற வெப்பம் 16 கிலோவாட்டுக்கு மேல். வீட்டில் இருப்பது 2 கிலோவாட் கீசர். எட்டு கீசரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தில் வைத்தால் வாடை வராமல் மல்லிகை மணமா வரும்?

அந்த வாடைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரான்சில் பனார், லெவஸோர் கூட்டணி 1891-இல் முன்னால் இன்ஜின், அடுத்து கிளச், அடுத்து கியர்பாக்ஸ் என்று வரிசை கட்டிய காலத்தில் கிளச் என்பது புனல் வடிவம். அதற்குத் தோல் போர்த்தியிருப்பார்கள். பிடித்தால் குதிக்கும், வழுக்கினால் கருகும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், இறக்கத்தில் குதிரைவண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக் கட்டையில் ஆணியடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் உராய்வுப் பொருளில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1897-இல் தொடங்கிய அவர் தொழில்தான் ஃபெரோடோ. பிற்பாடு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கியது, நுரையீரலைத்தான் விட்டுவைக்கவில்லை. உங்கள் மெக்கானிக் பழைய கிளச் தூசியைக் காற்றடித்து ஊதினால் தள்ளி நில்லுங்கள், அவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சரி, என் வண்டிக்கு வருவோம். ஜிப்ஸிக்கு வைத்தியம் என்றால் ராம்நகர்க்காரர்களைக் கேட்க வேண்டும். கார்பெட் புலிகள் காப்பகத்துக்கு சஃபாரி போகிற ஊர், தெருவுக்குத் தெரு ஜிப்ஸி நிற்கும். அங்கே தொழில் கற்று இங்கே கடை போட்டிருக்கும் ஒரு உஸ்தாத் கிடைத்தார். இளைத்த ஃபிளைவீலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாய் சாப், இதை யார் இப்படிப் பட்டினி போட்டது?" என்றார். வேறு யாரோ செய்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ரேலிக்காரர்கள் இளைக்க வைப்பது தப்பில்லை. 1999-இல் ஆரம்பித்த ரெய்டு டி ஹிமாலயாவில் ஜிப்ஸிகள் போட்ட போடு ஊரறிந்தது. அவர்கள் இன்ஜினை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பார்கள், அங்கே ஃபிளைவீலின் கனம் பாரம்தான். சுற்றுகிற தட்டில் சேர்ந்திருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2000-இல் இருப்பதில் கால்வாசிதான் 1000 ஆர்பிஎம்மில் இருக்கும். கல்லுப் பாதையில் ஊர்கிறவன் அந்த 1000-இல்தான் வாழ்கிறான். அவனுக்குக் கனம் வேண்டும்.

அமெரிக்காவில் நம் ஜிப்ஸியின் அண்ணன் சாமுராய் வைத்திருப்பவர்கள், அதே ஜி குடும்பத்து 1.6 லிட்டர் இன்ஜினின் பெரிய ஃபிளைவீலையும் கிளச்சையும் எடுத்துப் போடுவதுண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். பெரிய பிளேட் உட்கார அகலமான முகம் வேண்டும், பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் தள்ளி இருக்கும். உஸ்தாத் ஒரு ரேலிக்காரரிடம் மிச்சம் கிடந்த அப்படியொரு செட்டைத் தேடிப் பிடித்தார். நடு ஸ்ப்லைன் பல்லை எண்ணினார், ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியர் பல்லை எண்ணினார், ரிலீஸ் பேரிங்கின் உயரத்தை அளந்தார். மாட்டுவதற்கு ஒரு நாள், எண்ணுவதற்கு இரண்டு நாள். கேபிளும் புதுசு. பெரிய டயரை நானே கழற்றி விற்றுவிட்டேன்.

நஷ்டமும் உண்டு. பெடல் கொஞ்சம் கனம். ஹரித்துவார் ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது முன்னைப்போல் சட்டென்று சுறுசுறுப்பு இல்லை. "ஆல்ட்டோன்னா..." என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

போன வருஷம் அப்பா மறுபடி வந்தார். தேவ்பன் என்றதும் ஒரு பார்வை பார்த்தார். சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். மண்பாதை ஆரம்பித்ததும் லோ கியர், ஃபர்ஸ்ட். கிளச்சிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமல், கல்லுக்குக் கல் வண்டி தானாக ஏறியது. முன்பு நின்ற அந்த வளைவு வந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார்.

"வாடை வரல" என்றார். அப்புறம், "டீ கெடைக்குமாடா மேல?"